ஸினாயிதாவின் முறைப்பு

1

இந்தக் கதை உருவானதற்குக் காரணம் நான். எழுதியவன் என்ற பெருமையில் சொல்லவில்லை. கதைக்கு முன்பே சேதம் விளைவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அச்சோவியக் கலைஞர் ஒருவர் படம் அச்செடுப்பதற்காக வாரக்கணக்கில் குனிந்து வெட்டிய லினோலியப் பலகையில், அவர் ரொட்டி வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில், உளியை எடுத்து மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தேன். ஆழமான, நேரான கோடு. என் வாழ்நாளில் வேறெந்த வேலையையும் அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

வேண்டுமென்று செய்யவில்லை. அச்சோவியர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு படத்துக்கு இத்தனை பிரதிதான் என்று முடிவு செய்து அடித்து முடித்ததும், பலகையின் குறுக்கே ஒரு கோடு போட்டு அதைச் சாகடித்துவிடுவார்கள். பிறகு அதிலிருந்து யாரும் திருட்டுப் பிரதி எடுக்க முடியாது. அந்தக் கலைஞர், தைசியா பெத்ரிவ்னா, வாசலில் காலணியை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னது இதுதான்:

"டேய் இல்யா, அந்த டிராம் பலகை வேலை முடிஞ்சுபோச்சு. சும்மா உக்காந்து என் டீயைக் குடிச்சுக் காலி பண்றதுக்கு, அதுக்கு ஒரு கோடு போட்டு வை."

மேஜையில் இரண்டு பலகைகள். ஒன்று பழுப்பு, ஒன்று கன்னங்கறுப்பு. இரண்டிலும் மாடிக் கட்டிடம், இரண்டிலும் ஜன்னல்கள். கறுப்பாக இருப்பதுதானே மை பட்டு அச்சாகி முடிந்தது? இல்லை. முடிந்த பலகையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிடுவார்கள். வெட்டப்போகும் பலகைக்குத்தான் முதலில் கறுப்பு பூசுவார்கள், வெட்டிய இடம் வெளுத்துத் தெரிய வேண்டும் என்பதற்காக. இதை அவர் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். நானும் பல தடவை தலையாட்டியிருக்கிறேன்.

(டிராம் எங்கே என்று ஒரு நொடி தேடியிருந்தால் போதும். தேடவில்லை. படத்தைப் பார்க்கவே இல்லை. இதை நினைவில் வையுங்கள், கதைக்குத் தேவைப்படும்.)

2

தொடக்கம், முதல் வரைவு: 'கார்கிவ் நகரத்தின் மேல் பனி மௌனமாக…'

விட்டுவிடுகிறேன். அது மே மாதம். தெருவெல்லாம் கஷ்கொட்டை மரம் பூத்திருந்தது. பனி போட்டால் கதைக்கு கௌரவம் வரும் என்று ஓர் எண்ணம்.

இரண்டாம் வரைவு: 'போர் என்பது மனிதர்களிடமிருந்து…'

இதையும். மருத்துவம் படிக்க உக்ரைனில் இந்த ஊருக்கு வந்து, உடற்கூறியல் தேர்வில் பிணத்தின் முன்னால் மயங்கி விழுந்து, ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டு இங்கேயே தங்கி, மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் காகிதங்களை மொழிபெயர்த்துப் பிழைக்கும் ஒருவன், போர் என்று தொடங்கும் வாக்கியத்தை எப்படி முடிப்பான்?*

மூன்றாம் வரைவு: 'தைசியா பெத்ரிவ்னா ஒரு முன்கோபி.'

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

* என் பெயர் இளவழுதி. அது இங்கே யார் வாயிலும் நுழையவில்லை. முதல் வாரமே இல்யா ஆக்கிவிட்டார்கள். நானும் திருத்தவில்லை. திருத்துவது என் பலம் அல்ல என்பதை இதற்குள் கண்டுகொண்டிருப்பீர்கள்.

3

முன்கோபியின் வாழ்க்கைக் குறிப்பு, சுருக்கமாக.

இளம் வயதில் தீப்பெட்டி லேபிளும் மீன் டப்பா லேபிளும் வரைந்தார். "என் படம் போகாத வீடு இந்த நாட்டுல கிடையாது, பத்த வெச்சுட்டுத் தூக்கிப் போட்டாங்க" என்பார். பிறகு குழந்தைகள் புத்தகம். பிறகு, புத்தகப் பிரியர்கள் அட்டைக்குள் ஒட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு பெயர்ச்சீட்டுப் படங்கள். சோவியத் காலத்தில் நூற்பாலைப் பெண்களை வரிசையாக அச்சோவியமாக வெட்டினார். ஒரு பெண்கூடச் சிரிக்கவில்லை. கண்காட்சிக் குழுவிலிருந்து ஓர் அதிகாரி வந்து, உழைக்கும் பெண்கள் மகிழ்ச்சியாக இருப்பதுபோல் வாய்களை மாற்றச் சொன்னாராம்.

"நீங்க போய் அவங்களுக்குச் சிரிக்க ஒரு காரணம் குடுத்துட்டு வாங்க, நான் வெட்டுறேன்" என்று இவர் சொல்ல, படங்கள் கண்காட்சிக்குப் போகவில்லை. இவரும் அதற்கப்புறம் வெகுகாலம் எந்தக் கண்காட்சிக்கும் போகவில்லை.

இப்போது மகள் போலந்திலிருந்து தினமும் தொலைபேசியில் கெஞ்சுகிறாள். "அம்மா, வந்துடும்மா." இவர் சொல்லும் பதில்: "அங்க தரையெல்லாம் மரம். வெட்டினா வீட்டுக்காரன் கத்துவான்."

தரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நல்ல லினோலியம் இப்போது கிடைப்பதில்லை. இந்தக் குடியிருப்பு கட்டிய காலத்தில் தரையில் விரித்ததுதான் அசல் சரக்கு என்று தன் வீட்டுத் தரையையே கிழித்து வெட்டிக்கொண்டிருக்கிறார். கூடம் முடிந்தது. சமையலறை நடக்கிறது.

4

இனி ஸினாயிதா மார்கிவ்னா. தைசியாவுக்கு நேர் கீழ்வீடு. மேலே அச்சு இயந்திரம் உருண்டால் கீழே இவர் எல்லா வீட்டுக்கும் ஓடும் வெப்பக் குழாயைக் கரண்டியால் தட்டுவார். டங் டங் டங். அத்தனை மாடியும் கேட்கும். படிக்கட்டில் எதிரே வந்தால் முறைப்பார். அந்த முறைப்புக்கு இந்தக் கட்டிடத்தில் பயப்படாத ஆள் இல்லை, பூனை உட்பட. இரண்டு பெண்களும் முப்பது வருஷத்துக்கு மேலாக இப்படிச் சண்டை போட்டுக்கொண்டு, பண்டிகைக்கு மட்டும் ஒருவர் வீட்டுக் கதவில் ஒருவர் பலகாரத்தை மாட்டிவிட்டு, மணி அடிக்காமல் ஓடிவிடுவார்கள்.

போன வருஷம், முற்றத்தில் குறுக்கே காரை நிறுத்திய ஒருவனை ஸினாயிதா திட்டிக்கொண்டிருந்தபோது ரஷ்ய ஏவுகணை விழுந்தது. கார்க்காரன் பிழைத்தான். (இந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். வேண்டாம்.)

ஸினாயிதாவின் நாற்பதாம் நாள் சடங்குக்கு அவர் மகன் அர்சேன் போர்முனையிலிருந்து வந்தான். சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகும் போகாமல் நின்றான்.

"தைசியா அத்தை, எங்கிட்ட இருக்கிற போட்டோல எல்லாம் அம்மா சிரிக்கிறாங்க. கேமராவைப் பாத்ததும் சிரிச்சு வெச்சிருக்காங்க. அது எங்க அம்மாவே இல்ல. யாரோ ஒரு பொம்பள. நீங்க தானே அவங்க முறைப்பை அதிகம் வாங்கினீங்க. நீங்க வெட்டிக் குடுங்க. வருஷ நினைவு நாளுக்கு வருவேன், வாங்கிட்டுப் போறேன்."

அதற்காக வெட்டியதுதான் அந்தப் பலகை. முழுக் கட்டிடம், ஏவுகணையில் ஒரு பக்கம் உடைவதற்கு முன் இருந்தபடி. ஒவ்வொரு ஜன்னலிலும் அங்கே வாழ்ந்தவர்கள். நான்காம் மாடி ஜன்னலில், விரல் நகம் அளவுக்கு, ஸினாயிதா.

என் கோடு நான்காம் மாடி வழியாகப் போனது.

5

ரொட்டியோடு திரும்பியவர் பலகையைப் பார்த்தார். கத்துவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். கத்தவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டக் குனிந்து நான்காம் மாடியை மட்டும் பார்த்தார்.

"முகம் போச்சு" என்றார். பிறகு ரொட்டியை வெட்டினார். "சாப்பிடு."

பலகை முழுதாக முடியும்வரை மாதிரிப் பிரதி எடுக்க மாட்டார், அது அவர் பிடிவாதம். அதனால் அந்த முகத்தைப் பார்த்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. அது சரியாக வந்திருந்ததா? வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நான் தப்பித்தேன். எப்படியும் மறுபடி வெட்ட வேண்டிய பலகையைத்தான் கெடுத்தேன் என்று ஆகிவிடும்.

"தைசியா பெத்ரிவ்னா, அந்த முகம்… நல்லா வந்திருந்துதா?"

"வெண்ணெயை எடு."

எழுதுகிறவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. அடித்ததை மறுபடி எழுதலாம். இந்தப் பத்தியையே ஐந்து முறை மாற்றிவிட்டேன், உங்களுக்குத் தெரியுமா? லினோலியத்தில் அது கிடையாது. உளி எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. எடுத்த இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. ஒரு மயிரிழை அதிகமாக எடுத்தால் அந்த உதடு இன்னொருத்தியின் உதடு.

6

முடிவு, முதல் வரைவு. மனமாரச் சொல்கிறேன், இதை எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

'அவள் அந்தப் பலகையை அப்படியே மையிட்டு அச்சடித்தாள். கட்டிடத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. அது ஏவுகணையின் பாதை. அது நகரத்தின் தழும்பு. அந்தத் தழும்பின் வழியாக ஒளி…'

பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் அவருக்கு உக்ரைனிய மொழியில் சொல்லிக் காட்டினேன். சமையலறையில், மேஜைக்கடியிலிருந்து கிழித்த புதுத் துண்டுக்குக் கறுப்பு பூசிக்கொண்டிருந்தார். கடைசிவரை கேட்டார்.

"கோட்டையும் நீயே போட்டுட்டு, அதுக்கு அர்த்தமும் நீயே போடுவியா?"

"இல்ல, வந்து, ஒரு குறியீடா…"

"குண்டு போட்டவன் இதைப் படிச்சா எவ்ளோ சந்தோஷப்படுவான் தெரியுமா? 'பாத்தியா, என்னால எவ்ளோ அழகான கலை வந்திருக்கு'ம்பான். அவன் உடைச்சது உடைச்சதுதான். நீ கெடுத்தது கெடுத்ததுதான். அதை வெச்சு அழகு காட்ட நான் ஆளில்ல. மை உருளையைக் கழுவு."

கழுவினேன். அப்போது சைரன் அடித்தது. அவர் தலை நிமிரவில்லை. நான் சுவரோரம் நகர்ந்தேன். (கதையில் நானும் நிமிராமல் இருந்ததாக எழுதலாம் என்று பார்த்தேன். அவர் படிக்க மாட்டார். ஆனால் நீங்கள் என்னை இதற்குள் ஓரளவு அறிந்துவிட்டீர்கள்.)

7

இரண்டாவது பலகை முடிந்தது. பிரதி எடுத்து, காயத் தொங்கவிட்டு, படிக்கட்டில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் பிரமாதம் என்றார்கள். எங்கள் ஊரானாலும் இந்த ஊரானாலும், இழப்பு நடந்த வீட்டுக் காரியத்தில் யார் குறை சொல்வார்கள்?

மூன்றாம் மாடி ஸெமென், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். "அடடா. உயிரோட இருக்கிற மாதிரியே இருக்காங்க ஸினாயிதா. அந்தக் கண்ணு ஒண்ணு போதும்."

"எந்த ஜன்னல்ல பாக்குற நீ?"

"இதோ, இது."

"அது பூனை."

ஸெமென் கண்ணை இடுக்கிக் கிட்டக் குனிந்தார். "பூனையும் பிரமாதம்."

நான் தைசியா பெத்ரிவ்னாவிடம் மறுபடி கேட்டேன். "முதல்ல வெட்டினதைவிட இது மேலா, கீழா?" அவர் மேஜைக்கடியில் தெரிந்த சிமெண்டைக் காட்டி, "பாத்து நட, அங்க தடுக்கும்" என்றார்.

8

முடிவு, இரண்டாம் வரைவு. நினைவு நாளுக்கு முந்தின நாளே எழுதி வைத்துவிட்டேன். அர்சேன் வருகிறான். படத்தைக் கையில் வாங்குகிறான். நான்காம் மாடி ஜன்னலைப் பார்க்கிறான். உதடு நடுங்குகிறது. 'அம்மா' என்கிறான். எல்லோரும் அழுகிறார்கள். மன்னிக்கப்பட்டவனாக நான் வெளியே நடக்கிறேன், கஷ்கொட்டைப் பூ தலையில் உதிர்கிறது.

நடந்தது இது.

தைசியாவின் கூடத்தில் மேஜை. போர்ஷ் சூப், உருளைக்கிழங்கு, மீன். இறந்தவருக்கென்று ஒரு சின்னக் குவளை வோட்கா, அதன்மேல் ஒரு துண்டு ரொட்டி. அர்சேன் சீருடையில் வந்தான், இளைத்திருந்தான். மறுநாள் காலை திரும்பிப் போக வேண்டும். படத்தை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். ஸெமென் கரண்டியைக் கீழே வைத்தார்.

நான்தான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "அம்மா மாதிரி இருக்கா, அர்சேன்?"

"இல்ல."

யாரோ அவசரமாக, "வெளிச்சம் போதலையோ என்னமோ" என்றார்கள்.

"வெளிச்சம் சரியாத்தான் இருக்கு. மன்னிச்சுக்குங்க அத்தை. எவ்ளோ கஷ்டப்பட்டு வெட்டியிருக்கீங்கன்னு தெரியுது. ஆனா இது அவங்க இல்ல. புருவம் சரி. அம்மாவுக்குக் கோவம் வந்தா வாய் இறுகாது. ஒரு பக்கமா ஏறும், சிரிக்கப்போற மாதிரி. நாங்க சின்னப் பிள்ளையில அதைப் பாத்து ஏமாந்துதான் அடி வாங்குவோம்."

தைசியா பெத்ரிவ்னாவின் முகத்தை நான் பார்த்தேன். அங்கே வருத்தத்தைத் தேடினேன். நாள்முழுக்கப் பசியாக இருந்து ஒரு தட்டுச் சோற்றைக் கண்டவர்போல் இருந்தார்.

"ஸெமென், பாத்தியா, கண்ணுள்ள ஆளு இப்படித்தான் பேசும்" என்றார். அர்சேன் பக்கம் திரும்பி, "நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி?"

"காலையில அத்தை."

"சரி. பொழுது இருக்கு. வந்து பக்கத்துல உக்காரு. எந்தப் பக்கம் ஏறும்? இடதா?"

"அவங்களுக்கு வலது."

"அப்போ பலகையில எனக்கு எதிர்ப்பக்கம், அச்சுல திரும்பி விழும்." எழுந்து சமையலறைக்குப் போனார். அடுப்புக்கு முன்னாலிருந்த தரை கிழிகிற சத்தம் கேட்டது. கட்டிடம் முழுக்க வெட்ட நேரமில்லை, இந்தத் தடவை ஜன்னல் மட்டும், முகம் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு. நினைவு நாள் விருந்தை அப்படியே விட்டுவிட்டு இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். அவன் தன் உதட்டைத் தானே ஒரு பக்கம் ஏற்றிக் காட்டினான். அவர் வெட்டினார். "அவ்ளோ இல்ல" என்றான். அதைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த துண்டுக்குக் கறுப்பு பூசினார்.

வாசகருக்கு: முதல் வரைவு முடிவும் இரண்டாம் வரைவு முடிவும் மேலே இருக்கின்றன. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், நன்றாகவே எழுதியிருக்கிறேன். அன்று மாலைக்குள் அந்த வாய் சரியாக வந்ததா என்பதையும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். நான் எழுதப்போவதில்லை. எனக்கு வேண்டியிருந்தது வேறு.

மையை உருட்டித் தருகிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றேன். மூன்றாம் முறையாகக் கேட்டேன்.

"முதல் பலகையில… நான் கெடுத்ததுல… அவங்க இருந்தாங்களா?"

உளி நின்றது. என்னை நேராகப் பார்த்தார்.

"இருந்தா. அச்சு அசலா இருந்தா, வாய் ஒரு பக்கம் ஏறின மாதிரியே. எனக்கே தெரியாம கை வெட்டிடுச்சு. நீ போட்ட கோடு அது மேலதான் போச்சு. அது இனிமே வராதுடா இல்யா. இது வேற. இதை வர வரைக்கும் வெட்டுவேன்."