இடப்பக்கம் வரும் பந்து

கோல்கீப்பருக்கு ஓடத் தெரிந்தால் மட்டும் போதுமா? இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர், என்னிடம் பயிற்சிக்கு வந்த கோல்கீப்பர் பெண்ணின் இடது முழங்கால் தேறிவிட்டது என்றார். எடை தூக்குகிறாள், குதிக்கிறாள், எல்லாம் சரி. ஆனால் அவள் வேலையே விழுவதுதான், அதுவும் எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரியாமல் விழுவது. அதற்கென்றே ஒரு பயிற்சி வகுத்துக் கொடுத்தேன். மெத்தையில் சரிந்து பந்தைப் பிடித்து, எழுந்த கையோடு அடுத்ததற்குப் பாய வேண்டும். போடுகிறவர் பக்கத்தைக் காட்டிக்கொடுக்கவே கூடாது.

என் பிசியோதெரபி அறையில் பந்து போட இடமில்லை. வீட்டு மாடியில் அவள் அப்பா போட்டார். வேலைக்குப் போகுமுன் ஒரு நாள் தவறாமல் போட்டார். இப்படி ஓர் அப்பா யாருக்கு வாய்க்கும் என்று நானே பொறாமைப்பட்டேன்.

அணித் தேர்வுக்கு முந்தின நாள் வந்தது. வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. விளையாடலாம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். மைதானத்துக்குப் போய் நானே பந்து போட்டேன். வலப்பக்கம் வந்ததையெல்லாம் பிடித்தாள். இடப்பக்கம் போட்டால் அசையாமல் நின்றாள்.

வீட்டில் எல்லாவற்றையும் பிடித்தேனே என்று அவளுக்கே திகைப்பு. கூட வந்திருந்த அப்பாவைப் போடச் சொன்னேன். ஒன்றுவிடாமல் பிடித்தாள். நான் அவளை விட்டுவிட்டு அவரைக் கவனித்தேன். இடப்பக்கம் போடுமுன் ஒவ்வொரு தடவையும் அவர் கண் அவளுடைய இடது முழங்காலுக்குப் போய் வந்தது. இத்தனை நாளும் அவள் பந்தைப் பார்த்துப் பாயவில்லை, தன்னையறியாமலே அவர் கண்ணைப் பார்த்துப் பாய்ந்திருக்கிறாள்; அது முழங்காலுக்குப் போனால் இடம், போகாவிட்டால் வலம்.

எனக்கு வந்ததே கோபம், காரியத்தைக் கெடுத்துவிட்டீர்களே என்று கத்திவிட்டேன்.

"அந்தக் கால் மேல விழப் போறான்னு நெனச்சாலே பயமா இருக்கும்மா. கண்ணு தானா போயிடுது," என்றார்.

இந்த மனுஷனை எப்படிக் கோபிப்பது?

நாளைக்குச் சமாளித்துக்கொள்கிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள் அக்கா என்று அவள் கெஞ்சினாள். தயங்கித் தயங்கிப் பாய்ந்தால் அதே முழங்கால் மறுபடி போகும். முடியாது என்றேன். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். ஆனாலும் போடவில்லை.

அவள் கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தாள்.

"உங்க இடத்துல யாரோ முன்னபின்ன தெரியாத ஆள் நின்னிருந்தா, நாளைக்கு நான் ஆடியிருப்பேம்பா."

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது அவர் தாங்கியிருப்பார். மெதுவாகத்தான் சொன்னாள்.