ஜோடி எலி

இனி வருவதில் ஒரு எழுத்துப் பொய்யாக இருந்தாலும் சொல்கிற நாக்கு இழுத்துக்கொள்ளட்டும். தலையில் கைவைத்துச் சத்தியம்.

எலிக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதர், வீடு வீடாகப் போய் எலி பிடிப்பவர். தொழிலில் படு கெட்டிக்காரர். வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே பாதி எலிகள் மூட்டை முடிச்சைக் கட்டிவிடும். அப்பேர்ப்பட்டவரை நகரத்திலேயே பெரிய ஹோட்டல் ஒன்று ஆள் விட்டு அழைத்தது. முன்கூடத்துத் தரை அப்படிப் பளபளத்தது. தன் முகத்தைத் தானே மிதித்துக்கொண்டுதான் அவர் உள்ளே போனார்.

அந்த ஹோட்டலின் மேனேஜர் இருமுவதென்றால்கூட முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் இருமுவார்.

"விருந்து மண்டபத்துல ஒரு எலி ஓடுது சார். வெளியில தெரிஞ்சா கடையைக் கட்ட வேண்டியதுதான். அதனால எலி பிடிக்கிறவர்னு யாருக்கும் தெரியக்கூடாது. விருந்தாளியா தங்குங்க. வேலை முடியற வரைக்கும் நீங்க எங்க விருந்தாளி."

கோட்டும் டையும் மாட்டிவிட்டார்கள். பொறிகள் தோல் பெட்டிக்குள் போயின. கொடுத்த அறையில் ஒரு கட்டில் கிடந்தது. இந்த ஓரத்தில் படுத்தவர் அந்த ஓரத்துத் தலையணையை எடுக்கப் போனால் நடுவழியில் ஒருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டும். அவ்வளவு அகலம்.

எலிக்காரருக்கு இதெல்லாம் தலையில் ஏறவில்லை. அவர் மனைவிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, வெள்ளிக்கிழமை காலை கட்டு அவிழ்ப்பதாக இருந்தது. கிளம்பும்போதே அந்த அம்மாள் சொல்லியனுப்பியிருந்தாள்.

"கல்யாணத்தப்பவே எனக்குக் கண்ணு மங்கல். ஏதோ நெட்டையா ஒரு உருவம் தெரிஞ்சுது, சரின்னு தலையாட்டிட்டேன். இப்பவாவது பார்க்கணும். கட்டை அவிழ்க்கிறப்போ உங்க மூஞ்சி எதிர்ல இருக்கணும். இல்லைன்னா எவன் மூஞ்சி இருக்கோ அவனையே வீட்டுக்காரன்னு வச்சுக்குவேன், ஆமா."

புதன்கிழமைக்குள் எலி சிக்கிவிட்டது. சும்மா சிக்கவில்லை. அந்த ஹோட்டலில் தின்று வளர்ந்த எலி காய்ந்த மீனை முகர்ந்து பார்த்துவிட்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு போயிற்று. பாதாம் கேக்கை வெள்ளித் தட்டில் வைத்துப் பொறிக்குள் தள்ளிய பிறகுதான், வழிகாட்டுங்கள் என்பதுபோல் உள்ளே வந்தது.

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. எலியைக் கொடுத்த கையோடு எலிக்காரர் நடையைக் கட்டியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! எந்த வீட்டில் எலி பிடித்தாலும் படியிறங்கும்போது அவர் ஒன்று சொல்வார். கடைக்காரர் "திரும்ப வாங்க" என்பாரே, அந்த மாதிரி. அடுத்த மாதமும் கூப்பிட வேண்டாமா? அதற்குத்தான். அதையே இங்கேயும் சொல்லிவைத்தார்.

"ஒண்ணு இருந்தா ஜோடி இருக்கும் சார். எதுக்கும் பார்த்துக்குங்க."

மேனேஜர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "அப்ப வேலை முடியலையே சார்! நீங்க தங்குங்க. ஜோடி கிடைக்கிற வரைக்கும் தங்குங்க."

எலிக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அலமாரி இடுக்கு, திரைச்சீலை மடிப்பு, பியானோவின் வயிறு எல்லாம் தேடினார். புழுக்கையில்லை, கொறித்த தடமில்லை. இருந்தது அந்த ஒரே எலிதான், அதுவும் ஒண்டிக்கட்டை.

அந்த ஹோட்டலில் விருந்தாளியிடம் முடியாது என்று யாரும் சொல்லக்கூடாது. ஆகவே அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றதும், "தாராளமா சார்" என்று கப்பல் மாதிரி ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கார் கடைத்தெருவைச் சுற்றியது, ஆற்றுப் பாலத்தைச் சுற்றியது, திரும்ப அதே வாசலில் வந்து நின்றது.

"ஏம்ப்பா, நான் வீட்டுக்கில்ல போகச் சொன்னேன்?"

"விருந்தாளியைக் கொண்டுவர்றதுதான் சார் என் வேலை," என்றார் டிரைவர். "கொண்டுபோய் விடறதுக்கு மேனேஜர் உத்தரவு வேணும்."

நடந்தே போகலாமென்று பார்த்தால், வெயிலில் விருந்தாளி நடப்பதா என்று காவலாளி பதறிப்போய்க் குடை பிடித்தார். குடை எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் இவரும் திரும்ப வேண்டியிருந்தது. அது ஹோட்டல் பக்கம்தான் திரும்பியது.

அறையின் ஜன்னல் திறக்காத கண்ணாடி. கீழே தெருவில் ஒருவன் சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டு நின்றான். கையெல்லாம் கிரீஸ். யாரும் அவனுக்குக் குடை பிடிக்கவில்லை. எலிக்காரர் நெற்றியைக் கண்ணாடியில் வைத்து அவனையே பார்த்தார். அவன் ஏறி மிதித்துப் போய்விட்டான். கண்ணாடியில் படிந்த நெற்றித் தடத்தைத் துடைக்க உடனே ஓர் ஆள் வந்தார்.

வீட்டுக்குப் போன் போட்டார்.

"என்னங்க, ராஜபோகமா?" என்றாள் மனைவி.

"அடைச்சு வச்சிருக்காங்கடி."

"எங்க, ஜெயில்லயா?"

"ஹோட்டல்ல."

"ஏசி ஓடுதா?"

"ஓடுது."

"வேளாவேளைக்குச் சாப்பாடு?"

"கேட்காமலே வருது."

"அப்ப யாரும் அடைக்கலை, நீங்களே அடைஞ்சு கிடக்கீங்க. நாளைக்குக் காலையில கட்டு அவிழ்க்கிறாங்க. அவ்வளவுதான் சொல்வேன்."

பின்னாலிருந்து மச்சினன் குரல் கொடுத்தான். "கவலைப்படாதீங்க மாமா! நான் எதிர்ல உட்கார்ந்துக்கறேன். என் மூஞ்சியும் ஒண்ணும் மோசமில்லை!"

எலிக்காரர் போனை வைத்தார். யோசித்தார். திரும்ப எடுத்து, அறைக்குச் சாப்பாடு அனுப்பும் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஒரு எலி வேணும்மா."

அந்தப் பக்கம் குறித்துக்கொள்ளப் பேனா திறக்கும் சத்தம் கேட்டது.

"கண்டிப்பா சார். உயிரோடவா?"

"உயிரோடதான்."

"வெள்ளையா, சாம்பலா?"

"சாம்பல்."

"கூட வேற ஏதாவது வேணுமா சார்?"

சற்று நேரத்தில் தள்ளுவண்டி வந்தது. வெள்ளை விரிப்பு, ஒற்றை ரோஜா, வெள்ளி மூடி. மூடியைத் தூக்கினால் கூண்டுக்குள் ஒரு சாம்பல் எலி, தன்னை எதற்கு இவ்வளவு மரியாதையாக அழைத்துவந்தார்கள் என்று புரியாமல் விழித்துக்கொண்டிருந்தது. எலிக்காரருக்குக் கண்ணாடி பார்ப்பதுபோல் இருந்தது.

கூண்டைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் ஓடினார். "இந்தாங்க சார் ஜோடி. நான் கிளம்பறேன்."

மேனேஜர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எலியைப் புரட்டிப் பார்த்தார். முன்னதையும் வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"சார், ரெண்டுமே ஆண். அப்படின்னா இன்னும் ரெண்டு பெண் எலி இருக்கணுமே!"

எலிக்காரருக்கு உச்சந்தலை சுட்டது. தொழில் தொடங்கிய நாளிலிருந்து எவரிடமும் ஒப்புக்கொள்ளாததை ஒப்புக்கொண்டார். "ஜோடியும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது சார். சும்மா சொல்றது. பொய்."

மேனேஜர் எழுந்து நின்று கைகூப்பினார். "விருந்தாளி பொய் சொன்னார்னு நான் எப்படி சார் நினைப்பேன்? துண்டைப் பெட்டியில வச்சுக்கிட்டு எடுக்கலைன்னு சொன்னவங்களைக்கூட நாங்க நம்பியிருக்கோம். போங்க, ஓய்வெடுங்க."

வெள்ளிக்கிழமை விடிந்தது. எலிக்காரர் முன்கூடத்துச் சோபாவில் முழங்கால்வரை புதைந்து கிடந்தார். அதிலிருந்து ஒரு ஆள் தானாக எழுந்த சரித்திரம் கிடையாது. கைகொடுத்துத் தூக்க இரண்டு பேர் தயாராக நின்றார்கள். அப்போது ஒரு பருத்த அம்மாள் பெரிய பெட்டியோடு உள்ளே வந்தாள். பெட்டி தூக்குபவர் வர ஒரு நொடி தாமதம்.

எலிக்காரர் சோபாவிலிருந்து உருண்டு விழுந்து, எழுந்து, அந்தப் பெட்டியைத் தூக்கினார்.

அவ்வளவுதான். வணக்கம் சொன்ன கைகள் இறங்கின. குடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். அந்த ஹோட்டலில் பெட்டி தூக்குகிறவன் விருந்தாளி ஆக முடியாது. அந்த எண்ணமே யாருக்கும் வராது. வேலைக்காரர்களை மேய்க்கும் மேஸ்திரி பாய்ந்து வந்தார்.

"யோவ், தொப்பி எங்கய்யா? கோட்டு கேட்குதா உனக்கு? மாப்பிள்ளைன்னு நெனப்பா?"

எலிக்காரருக்கு அந்த வசவு தேனாய் இனித்தது. இன்னும் ரெண்டு திட்டமாட்டாரா என்றிருந்தது. மேஸ்திரி ஒரு சிவப்புத் தொப்பியை அவர் தலையில் அமுக்கினார். "அழுக்குத் துணி வண்டி பின்னால நிக்குது. மூட்டையை ஏத்திக்கிட்டு நீயும் ஏறிப் போ. நிக்காதே, ஓடு!"

பின்வாசலில் யாரும் கதவைத் திறந்துவிடவில்லை. எலிக்காரர் தாமே திறந்தார். போர்வை மூட்டைகளுக்கு நடுவே வண்டியில் கிடந்து, ஆஸ்பத்திரி முனையில் குதித்து, மூச்சிரைக்க மாடி ஏறினார்.

டாக்டர் கட்டின் கடைசிச் சுற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். எதிர் நாற்காலியில் மச்சினன், தலைக்குத் தண்ணீர் தொட்டுப் படிய வாரிக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்தவன்போல் விறைப்பாக இருந்தான். எலிக்காரர் அவனை அலாக்காகத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

அந்த அம்மாள் கண்ணைத் திறந்தாள். டை. கோட்டு. சிவப்புத் தொப்பி.

"டேய் தம்பி, ஹோட்டல்லேர்ந்து ஆள் அனுப்பியிருக்காங்க பாரு. உங்க மாமா வரலையா?"

"நான்தான்டி," என்றார் எலிக்காரர்.

அவள் கைநீட்டித் தொப்பியை எடுத்தாள். வழுக்கையைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், அவசரமில்லாமல் காதுகள் இரண்டையும் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். பிறகு அவர் டையைத் தளர்த்திவிட்டாள். "பரவாயில்லை. நான் இதைவிட மோசமாத்தான் நெனச்சிருந்தேன்."

சத்தியம் செய்துவிட்டு இதை மட்டும் மறைக்கலாமா? எலிக்காரர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.