போஸ்ட்மேனின் முதல் நாள் குரல்

கம்ப்யூட்டரில் இருக்கிற டிஸ்க்கையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே பெரிய இடமாக்கிவிட்டு, அப்புறம் வேண்டிய அளவுக்குப் பங்கு போட்டுக்கொள்ளலாம். எல்விஎம் என்று பெயர். இதை நான் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று சொல்லியிருக்கிறேன். வழி கேட்ட ஒரு மனுஷனிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். யாரும் திருப்பி ஒரு கேள்வி கேட்டதில்லை. அக்காதான் கேட்டாள், அவள் கம்ப்யூட்டரில் இடம் நிறைஞ்சுபோச்சாம், ஏதாவது பண்ண முடியுமாடா என்று. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்கள் அவளிடம் வருவார்கள். முதல் நாள் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, கடைசி நாள் அதைப் போட்டுக் காட்டுவாள். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு போஸ்ட்மேனுக்குக் கடைசி வகுப்பு. முதல் நாள் அவர் தன் பெயரைச் சொல்லி முடிக்க மூணு நிமிஷம் ஆனதாம். அந்த மூணு நிமிஷத்தைக் கேட்கத்தான் பத்து மாசமாகக் காத்திருந்தார்.

அந்தப் பதிவுகளுக்கெல்லாம் இன்னொரு காப்பி இருக்கிறதா என்று நான் கேட்டேன். கேட்காமல் இல்லை. காப்பி எடுக்க இடம் ஏது என்றாள். முதலில் இடம், அப்புறம் காப்பி, எதற்கும் ஒரு வரிசை இருக்கிறது என்று விளக்கினேன். கையில் புத்தம்புதுக் காலி டிஸ்க்கை வைத்துக்கொண்டுதான் விளக்கினேன்.

காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். ஊதிப் பழகுகிற குழல்கள், நாக்கைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி எல்லாவற்றையும் மேஜையிலிருந்து ஒதுக்கினேன். பழைய சின்ன டிஸ்க்கோடு புதுசைச் சேர்க்க வேண்டும், பதிவுகள் இருக்கும் டிஸ்க்கைத் தொடக் கூடாது. அவ்வளவுதான் வேலை. எது எந்தப் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். மிஷினை அணைத்து, புது டிஸ்க்கை மாட்டி, திரும்பப் போட்டேன்.

புதுசாக ஒன்று வந்தால் மிஷின் பெயர்களை மாற்றிப் போட்டுவிடும். இதை ஆபீஸில் எத்தனை பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் நான் பார்த்தது காகிதத்தைத்தான். பதிவுகள் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் மிஷினாவது மாட்டேன் என்று சொல்லியிருக்கும். பாதுகாப்புக்காக என்று அதையும் நானே நிறுத்தி வைத்திருந்தேன். போதாததற்கு எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கட்டளை கொடுக்கும்போதே 'எல்லாத்துக்கும் ஆமாம்' என்று சேர்த்து அடித்துவிடுவேன். பெரிய மனுஷனை மிஷின் கேள்வி கேட்கக் கூடாது பாருங்கள்.

கேட்கவில்லை. இடம் மளமளவென்று பெருகியது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எவ்வளவு கொள்ளும் என்று நிரூபிக்க என் பையிலிருந்த சினிமாக்களை வேறு அதில் கொட்டினேன், ஒன்றல்ல, பதினாறு. அப்புறம் பதிவுகளைத் திறக்கப் போனேன். புது டிஸ்க் அப்படியே காலியாகச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் சேர்த்தது பதிவுகள் இருந்த டிஸ்க்கை, சேர்த்தால் அதில் இருந்தது அழிந்துவிடும்.

மூன்றரை மணி வரைக்கும் தோண்டினேன். சாப்பிடக்கூட இல்லை. போன ஏழெட்டு மாசப் பதிவுகள் பெரும்பாலும் கிடைத்தன. அதற்கு முந்தியவை இருந்த இடத்தில் ஒரு கதாநாயகன் பைக்கில் போய்க்கொண்டிருந்தான். போஸ்ட்மேனின் முதல் நாள் போயே போய்விட்டது.

அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவள் அந்த நாக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

நாலு மணிக்கு அவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. வந்ததும் ஸ்பீக்கருக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் எதிரே உட்கார்ந்து, சார், அது வந்து, என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. டிஸ்க்கைப் பற்றிச் சொன்னேன். பெயர் மாறுவதைப் பற்றிச் சொன்னேன். வெட்கங்கெட்டவன், அப்போதும் எல்விஎம்மின் நன்மைகளைச் சொன்னேன். நடுநடுவே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அவர் முன்னால் சாய்ந்து என் முழங்காலில் கையை வைத்தார்.

"அவசரம் இல்ல தம்பி. மூச்ச... நல்லா இழுங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம்... அடுத்தது."

இழுத்தேன்.

"உங்க குரல். முதல் நாளுது. நான்தான். அழிச்சிட்டேன்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். ஸ்பீக்கரையே பார்த்தார். முகம் வாடிப்போயிற்று. அதைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன், அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று அப்போதுதான் தெரிந்தது.

"என் பேரைச் சொல்ல... மூணு நிமிஷம் ஆச்சுன்னு சொன்னா," என்றார், "இனிமே யாரு நம்புவா?"

பிறகு அவர் அக்கா பக்கம் திரும்பி, என்னைக் கையால் காட்டினார்.

"இவருக்கு... எத்தனை மாசம் ஆகும்மா?"

"இது பத்து மாசத்துல சரியாகிற கேஸ் இல்லைங்க," என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அந்த மூணு நிமிஷம் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிற தைரியமும் இல்லை.