பாவாத்தாள் உடைத்த வளையல்கள்

1

இந்தக் கதை ஒரு மருந்துக்கடையில் பிறந்தது. போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்க நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், தலையிலிருந்த ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், கருத்தடை மாத்திரையின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கேட்டாள். கடைக்காரன் எடுத்துக் கொடுத்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

"என்னங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி."

வீட்டுக்கு வந்து மெஹராஜிடம் சொல்ல வாயெடுத்தேன். என் வீட்டுக்காரி மௌத்தாகி நாலு வருஷம் ஆகிறது. சொல்ல ஆளில்லை என்பதால் எழுதுகிறேன். உங்களை நம்பி அல்ல.

(நான் ரசாக். அஞ்சாம் வகுப்போடு நின்றவன். கணபதி என்கிற ஊரில் வளையல் கடை வைத்திருந்தேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். என்னைத் திருத்த வராதீர்கள்.)

2

முதல் வரிக்கே பட்டபாடு போதும்.

"தொண்ணூற்று நாலாம் வருஷம், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு..." மழை பெய்ததா? ஞாபகமில்லை. அடித்துவிட்டேன்.

"அவள் பேரழகி. அவள் கண்களில்..." பொய். சாதாரண முகம். வளையல்காரனுக்கு முகமா தெரியும்? மணிக்கட்டுதான் தெரியும். அவளுக்கு எலும்பு பெருத்த கை. சோப்பு நுரை தடவித்தான் வளையல் ஏற்றுவேன்.

"கணபதியில் பாவாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள்." இது இருக்கட்டும். பெயர் மட்டும் பொய்.

3

புருஷனுக்கு லேத் பட்டறை. இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய்ச் செத்துப் பிழைத்தாள். இன்னொன்றை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாமியார் தெய்வாத்தாள் அதைக் காதில் வாங்கவில்லை. பட்டறைக்கு ஒரு பையன் வேண்டும், சென்னிமலைக்கு வேண்டியிருக்கிறேன், முருகன் பார்த்துக்கொள்வான் என்று ஆபரேஷனுக்கு விட மறுத்துவிட்டாள். புருஷன் நல்லவன். அம்மா பேசிய பிறகு அவனுக்குப் பேச்சு கிடையாது. [இப்படிப்பட்டவனை நல்லவன் என்று எழுதலாமா? எழுதியாயிற்று, கிடக்கட்டும்.]

மாத்திரை வாங்கலாமே என்பீர்கள். எங்கே? கணபதியில் எந்த மெடிக்கலில் போய் நின்றாலும், அவள் வீடு சேருமுன் சேதி பட்டறைக்குச் சேர்ந்துவிடும். நர்ஸம்மாவிடம் கேட்கலாம் என்றால், அவர் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கை.

ஒரு பெண் தனியாக வந்து எவ்வளவு நேரம் நின்றாலும் ஏன் என்று யாரும் கேட்காத இடம் அந்த வீதியில் ஒன்றுதான் இருந்தது. என் கடை.

4

இனி வருவது என் காதால் கேட்டதல்ல. பாவாத்தாள் வந்தபோது கடையை மெஹராஜிடம் விட்டுவிட்டு நான் டீ குடிக்கப் போயிருந்தேன். மெஹராஜ் பிறகு சொன்னதை வைத்துக் கட்டுகிறேன்.

"பாயம்மா, உங்க ஊட்ல எத்தன கொழந்தைங்க?"

"ரெண்டு கண்ணு. ஆஸிமும் ரம்ஷாவும்."

"அப்புறம் எப்படிங்க நிறுத்துனீங்க?"

"பாய் வரட்டும், அவரையே கேளு. வெக்கப்பட்டுச் செவந்து போவாரு, வேடிக்க பாக்கலாம்."

"அய்யோ சாமி!"

"மாத்திரைதான் கண்ணு. உனக்கும் வேணுமா? டாக்டரம்மாகிட்டக் கேட்டியா?"

"கேட்டனுங்க. சீட்டு எழுதிக் குடுத்தாங்க. பயந்துட்டு அடுப்புல போட்டுப்போட்டேன். பேரு மட்டும் மனசுல இருக்குதுங்க."

இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று எழுதினால் எடுப்பாக இருக்கும். அழவில்லை என்று மெஹராஜ் அடித்துச் சொன்னாள். "நான் போயிட்டா எம்பட புள்ளைங்களுக்கு யாருங்க இருக்கறா?" என்று மட்டும் கேட்டாளாம்.

மறுநாள் மெஹராஜ் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு காந்திபுரம் போய் வாங்கி வந்தாள். "கடைக்காரன் ஒரு மாதிரியாப் பாத்தான். பாத்துக்கட்டும். அவனுக்குத் துப்பட்டிதானே தெரியும், என்னையா தெரியும்?" என்றாள். மாத்திரை அட்டையை வளையலுக்குள் சுருட்டி வைத்து, மேலே பேப்பர் சுற்றி, நூல் கட்டினாள்.

5

மாசாமாசம் கடைக்கு வரக் காரணம் வேண்டுமே. அதைப் பாவாத்தாளே கண்டுபிடித்தாள். கல்யாணமானவள் வெறுங்கையோடு இருக்கக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அட்டை தீருகிற சமயம் பார்த்துத் துவைக்கிற கல்லில் கையை ஓங்கி அடிப்பாள். வளையல் தூள்தூளாகும். "மொட்டக் கையோட நிக்கறா பாரு! ஓடு பாய் கடைக்கு!" என்று மாமியாரே விரட்டுவாள்.

கையெல்லாம் கீறலாக இருக்கும். "கொஞ்சம் மெல்ல ஒடைக்கக் கூடாதுங்களா அம்மணி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மெல்ல அடிச்சா ஒண்ணு ரெண்டு தப்பிச்சுக்குதுங்க பாய்."

அதைக் கேட்டு மெஹராஜ் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தையல்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். உள்ளே வளையல் மாலைகள், வெளியே லேத்துச் சத்தம், நடுவில் இரண்டு பொம்பளைகளின் சிரிப்பு. எனக்குத் திரும்ப வேண்டியது அதுதான். கதையெல்லாம் சாக்கு.

6

ஒரு நாள் தெய்வாத்தாள் மருமகளோடு வந்து நின்றாள். அந்த மாசத்துப் பொட்டலம் மேசைக்கடியில் கட்டித் தயாராக இருந்தது. மெஹராஜ் அதைக் காலால் உள்ளே தள்ளினாள்.

இந்த அம்மாளைக் கெட்டவளாக எழுதினால் எனக்கு வேலை சுலபம். எழுதியும் பார்த்தேன். "நாகம்போல் சீறிக்கொண்டு..." அடித்துவிட்டேன். அன்று அவர் பயந்துபோய் இருந்தார்.

"ஏனுங்க பாய், மாசாமாசம் இவளுக்கு வளையல் ஒடையுது. ஒரு வாய் சோறு எறங்க மாட்டீங்குது எனக்கு. எம்பட பையன் உசுருக்கு ஆகாதுங்களே?"

"கண்ணாடின்னா ஒடையத்தானுங்க ஆத்தா செய்யும்."

"அதானுங்க, என்ற காசுமாலைய அழிச்சுத் தங்கத்துலயே செஞ்சுபோட்டேன். இனி எப்படி ஒடையுதுன்னு பாத்தர்றேன்!"

மருமகளின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். தங்க வளையல்கள். மாமியார் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பாசத்தோடுதான் செய்திருந்தார், அதில் சந்தேகமில்லை. பாவாத்தாள் மேசைக்கடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கம் எந்தக் கல்லில் அடித்தாலும் உடையாது. இனி அவளுக்கு இந்தக் கடையில் வேலையில்லை.

மெஹராஜ்தான் வாய் திறந்தாள். "தங்கம் ஜோராத்தான் இருக்குதுங்க ஆத்தா. ஆனா நடுவுல கண்ணாடி கோக்காம வெறும் தங்கம் போட்டா..."

7

இங்கே நிறுத்திவிட்டு ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை. இப்போது இரண்டு முடிவு இருக்கிறது.

முதலாவது: தெய்வாத்தாள் யோசித்தார். "அதுவுஞ் செரிதானுங்க" என்று உட்கார்ந்தார். தங்கத்துக்கு நடுவே பச்சைக் கண்ணாடி ஏறியது. பொட்டலம் கைமாறியது. துவைக்கிற கல்லுக்கும் பழையபடி வேலை வந்தது.

இரண்டாவது: "வேண்டாமுங்க, ஒடைஞ்ச வரைக்கும் போதும்" என்று மருமகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருஷம், இந்தத் தடவை பையன்தான் என்று மூன்றாவதுக்கும் வளைகாப்பு வைத்து, வளையல் கேட்டு ஆள் வந்தது. மெஹராஜ்தான் போய்ப் போட்டாள். திரும்பி வந்து சோறு வேண்டாமென்று படுத்துவிட்டாள்.

[மூன்றாவதாக ஒன்று எழுதினேன். அதில் புருஷன் அம்மாவை எதிர்த்துப் பேசினான். நானே நம்பவில்லை. கிழித்துவிட்டேன்.]

இரண்டில் ஒன்று நடந்தது. எது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

கோபப்பட வேண்டாம். அந்த வீட்டில் மூன்றாவது பிள்ளை உண்டா இல்லையா என்று நான் சொன்னால், கணபதியில் விரல் விட்டு எண்ணி ஆளைப் பிடித்துவிடுவார்கள். பட்டறை இன்னும் ஓடுகிறது. லேத் என்று சொன்னேன், அதுவும் லேத் அல்ல. அந்த வீட்டில் படிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் யார் வீட்டு ஆள் என்று எனக்கு என்ன தெரியும்? மெஹராஜ் இதில் ஒரு வார்த்தை வெளியே விடாமல் போய்ச் சேர்ந்தாள்.

உங்களுக்கு எந்த முடிவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தீர்கள் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.