ஏன் நிக்குது

சம்மந்தம் இரும்புக் கைப்பிடியை முன்னால் செருகி ஒரே ஒரு சுற்றுதான் சுற்றினான். வண்டி கிளம்பிவிட்டது. பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையில் பிடித்த கயிற்றோடு திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சிவப்புக் கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அது நகர்ந்தால்தான் பாடை வெளியே போக முடியும். தள்ளுவதற்கு ஆள் கூப்பிடும் முன் சும்மா ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான், அவ்வளவுதான்.

"இன்னாக்கா இது? நேத்து நடுரோட்டுல நின்ன வண்டி, இன்னிக்கு ஒரே சுத்துல கெளம்புது?"

தையலம்மாளுக்கும் அதுதான் புரியவில்லை. கூடத்தில் அவள் அண்ணன் அரிகிருஷ்ணன் நெற்றியில் காசு வைத்துக் கிடந்தார். நேற்று மதியம் மூலக்குளத்துக்கு இந்தப் பக்கம் வண்டி நின்றுபோக, வெயிலில் தனியாகத் தள்ளியிருக்கிறார். பின்னால் மாட்டுவண்டியில் வந்த பக்கிரிதான் ஓடிப் போய்த் தாங்கியவன். அவரைத் தன் வண்டியில் ஏற்றி, காரைப் பின்னால் கட்டி இழுத்து வந்து சேர்த்தான்.

"'பெட்ரோலு இருக்குதுடா பக்கிரி, அப்புறம் ஏன் நிக்குது'ன்னாரும்மா. அவ்ளோதான். அப்புறம் பேசல" என்று காலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

சம்மந்தம் காரைப் பூவரச மரத்தடிக்குக் கொண்டுபோனான். நிறுத்தத் தெரியாமல் ஓடவிட்டபடியே இறங்கி வந்தான். அண்ணனைக் குளிப்பாட்டும்போது அது இரண்டு முறை இருமிவிட்டுத் தானாக அடங்கியது. அந்த இருமல் தையலம்மாளுக்கு நன்றாகத் தெரியும்.

"ராசி கெட்ட வண்டிக்கா. நாளைக்கே பழைய இரும்புக்குப் போட்டுடலாம். ஆளு வரச் சொல்லிட்டேன்" என்றான் சம்மந்தம்.

"ஏன் நிக்குதுன்னு தெரியாம குடுக்க மாட்டேன்."

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போற?"

அவள் எழுந்து உள்ளே போனாள்.

சம்மந்தம் சித்தப்பா மகன். அண்ணனுக்குப் பிள்ளை இல்லாததால் அவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். அவனோடு சண்டை போடுகிற நாள் இல்லை இது.

ஒரு பிரெஞ்சுக்காரத் துரையிடம் டிரைவராக இருந்தவர் அரிகிருஷ்ணன். வெள்ளைக்காரர்கள் கப்பலேறியபோது துரை விட்டுப் போன வண்டி இது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் பந்தயக் கார். துரை பெரிய கார் வாங்கிய பிறகு பல வருஷம் கோழி அடைந்து கிடந்தது. அண்ணனுக்கு ஓட்டத் தெரியும், பிரிக்கத் தெரியாது. புருஷன் செத்தபின் அண்ணனோடு வந்து, வில்லியனூர் கடைத்தெருவில் எண்ணெய்க் கடை வைத்திருந்த தையலம்மாளுக்கு இரண்டுமே தெரியாது. ஆனால் கழற்றிய சாமான்களைக் கழற்றிய வரிசையிலேயே முறங்களில் பரப்பி வைத்தவள் அவள்தான். எது எதற்குப் பின்னால் போகும் என்று அண்ணன் முழிக்கும்போது முறத்தைப் பார்த்துச் சொல்வாள். மூன்று வருஷம், கடை அடைத்த பிறகு இருவருக்கும் பேச்சே அந்த வண்டிதான். மற்றபடி அண்ணன் அதிகம் பேசுகிறவர் இல்லை.

சென்ற மார்கழியில் வண்டி ஓடியது. திருக்காஞ்சி வரை போய் நிற்காமல் திரும்பி வந்தார்கள். பெட்ரோல் டாங்கியின் பித்தளை மூடி களிம்பேறிக் கிடந்ததால் வாய்மேல் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துத் துணி கட்டியிருந்தார்கள். தை பிறந்த பிறகுதான் இந்த நோய் வந்தது. கால் மணி நேரம் ஓடும், இருமும், நிற்கும். அரைமணி கழித்துச் சுற்றினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது என்று அண்ணன் முடிவுகட்டினார். நின்றதும் குழாயில் ஈரச் சாக்கைச் சுற்றிக் காத்திருப்பார். அரைமணியில் கிளம்பும்போது, "பாத்தியா, சூடுதான்" என்பார். "காலையில பனியில கூட நிக்குதே அண்ணே?" என்று அவள் கேட்டபோது சாக்கை மறுபடி நனைத்துச் சுற்றினார். கார்புரேட்டரைக் கழற்றினார்கள், குழாயை ஊதினார்கள், வடிகட்டியைக் கழுவினார்கள். எல்லாம் சுத்தம்.

ஆண்கள் பாடையோடு போய்விட்டார்கள். பெண்கள் குளித்து, வீட்டைக் கழுவிவிட்டார்கள். அண்ணனைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கேற்ற வேண்டும். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

"எண்ணெ எங்கக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக் குப்பு.

தையலம்மாள் புது டின் ஒன்றை எடுத்து, மூலையில் ஆணியை வைத்து அடித்துச் சாய்த்தாள். எண்ணெய் கொஞ்சம் வந்தது, தயங்கியது, பிறகு நின்றுவிட்டது. டின் மட்டும் கையில் கனத்தது.

"இன்னாக்கா, எண்ணெக் கடக்காரி நீயே ஒத்த ஓட்டை போட்டுட்டு நிக்கிற?"

இருபது வருஷமாக அவள் டின்னுக்கு இரண்டு ஓட்டை போடுகிறாள். ஒன்று எண்ணெய் வர, இன்னொன்று காற்று போக. காற்று உள்ளே போகாவிட்டால் எண்ணெய் வெளியே வராது. ஆணியை எதிர் மூலையில் வைத்தவள், அடிக்காமல் அப்படியே இருந்தாள்.

"அக்கா?"

அடித்தாள். எண்ணெய் ஒரே சீராக இறங்கியது. விளக்கு எரிந்ததும் ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு பூவரச மரத்தடிக்குப் போனாள்.

டாங்கி, ஓட்டுகிறவரின் கால்மாட்டுக்கு மேலே இருந்தது. அங்கிருந்து பெட்ரோல் தானாகத்தான் கீழே இறங்கி இஞ்சினுக்குப் போக வேண்டும். மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று சின்னதாக ஒரு மூச்சை டாங்கி உள்ளே இழுத்துக்கொண்டது. நிற்கும்போதெல்லாம் மூடியின் மரை இடுக்கில் மெல்லக் கசிந்த காற்றில்தான் அரைமணி கழித்து வண்டி கிளம்பியிருக்கிறது.

மூடியைத் திருப்பிப் பார்த்தாள். உட்புறம் வெள்ளையாக மின்னியது. பொங்கலுக்குப் பாத்திரங்களை ஈயம் பூசக் கொடுத்தபோது, அண்ணனுக்குச் சொல்லாமல் இதையும் சேர்த்துக் கொடுத்திருந்தாள். "வெள்ளிக் கிண்ணம் மாதிரி இருக்குது தையலு" என்று அவர் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, கொட்டாங்கச்சியை எடுத்துப் போட்டு இதைத் திருகினார்.

நடுவில் விரலுக்கு ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்பட்டது. ஓட்டை இருந்த இடம். அவள் மூடியை ஒரு கட்டைமேல் வைத்து, அந்தப் பள்ளத்தில் ஆணியை வைத்து அடித்தாள். பிறகு வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஊசிமுனை அளவு வெளிச்சம் வந்தது.

மூடியைத் திருகிவிட்டு, இரும்புக் கைப்பிடி திருப்பி அடித்தால் கட்டைவிரல் முறியாதபடி, அண்ணன் செய்வது போல ஐந்து விரலையும் ஒரே பக்கம் வைத்து அதைச் சுற்றினாள். கிளம்பியது. போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஓட்டுகிறவர் இடத்தில், அண்ணன் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் சாக்கு மடிப்பு குழிந்தபடி இருந்தது.

கால் மணி போனது. அரைமணி போனது. குப்பு இரண்டு தடவை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

ஈர வேட்டியோடு ஆண்கள் தெருமுனையில் திரும்பினார்கள். மற்றவர்கள் விளக்கைப் பார்க்க உள்ளே போக, சம்மந்தம் மட்டும் மரத்தடிக்கு வந்தான். மொட்டையடித்த தலையில் விபூதி கரைந்திருந்தது.

"எவ்ளோ நேரமா ஓடுதுக்கா? நிக்கலையா?"

"நிக்காது. மூடியில இருந்த ஓட்டை ஈயத்துல அடைஞ்சிருந்துச்சு. ஆணியால தொறந்துட்டேன்."

"மூடிக்குப் போயி யாரு ஈயம் பூசுனது?"

தையலம்மாள் பக்கத்திலிருந்த சாக்கு மடிப்பின் குழியில் கையை வைத்தாள்.

"காத்து உள்ள போவணும் சம்மந்தம்" என்றாள். "அப்பத்தான் பெட்ரோலு கீழ எறங்கும்."