பாதி வசனம்

பிரசங்கியார் தன் மொழியில் ஒரு வரி சொல்வார். பக்கத்தில் நிற்கும் இவள் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். அவர் கை தூக்கினால் இவளும் தூக்க வேண்டும், அவர் கத்தினால் இவளும் கத்த வேண்டும். விமான டிக்கெட் அலுவலகத்தில் பகலெல்லாம் இரண்டு மொழியிலும் திட்டு வாங்கிப் பழகியவள் என்பதால் சபை இவளைப் பிடித்துப் போட்டிருந்தது. சம்பளமெல்லாம் கிடையாது, ஊழியம்.

இந்த வெளிநாட்டுப் பிரசங்கியார் வந்த முதல் கூட்டத்திலேயே இவளுக்கு உறுத்தியது. மனுஷன் வசனத்தைப் பாதியில் வெட்டினார். சின்ன வயதிலிருந்து மனப்பாடமான வசனம், இவள் வாய் தானாக மீதியைச் சொல்லப் போகும். அதற்குள் அவர் தன் பெருமைக்குத் தாவியிருப்பார். வெட்டிப் போட்ட பாதியில்தான் பொறுமையும் பாடுகளும் தேவ சித்தமும் இருந்தன. இயேசுவின் பெயரைவிட 'நான்' என்ற சொல்லைத்தான் இவள் அதிகம் மொழிபெயர்த்தாள். நான் தொட்டேன், நான் கட்டளையிட்டேன் என்று சொல்லிச் சொல்லி நாக்கே தேய்ந்தது.

சபைப் போதகரிடம் போய்ச் சொன்னாள்.

"ஐயா, இவரு பாதி வசனம்தான் சொல்றாரு. மீதிய வேணும்னே விடுறாரு."

"அபிஷேகம் பெத்தவர் மேல குத்தம் சொல்லாதம்மா. மண்டபம் நிரம்பி வழியுது, பாத்தியா?"

மண்டபம் நிரம்பினால் போதகருக்கு மற்றதெல்லாம் கண்ணில் படாது. நல்ல மனுஷன்தான், என்ன செய்ய.

கடைசிக் கூட்டத்தில் காணிக்கைக் கூடைகளை மேடைக்கு முன்னால் வைக்கச் சொன்னார் பிரசங்கியார். காணிக்கைக்கு அல்ல. "உங்கள் மருந்துகளைக் கொண்டுவந்து இதில் போடுங்கள். மாத்திரை விழுங்குகிறவன் தேவனை நம்பாதவன்." யோசிக்கும் முன்பே இவள் அதைத் தமிழில் முழங்கிவிட்டாள். பழக்கதோஷம். ஜனங்கள் எழுந்து வர ஆரம்பித்தார்கள். அவர்களில் இவளுடைய அக்காவும் இருந்தாள்.

அக்காவுக்கு வலிப்பு. முன்பு ஒருமுறை, சரியாகிவிட்டது என்று தானாகவே மாத்திரையை நிறுத்தி, குளியலறையில் விழுந்து, முன்பல் இரண்டும் போயிற்று. இவள்தான் கதவை உடைத்துத் தூக்கினாள். அதே அக்கா இப்போது மாத்திரை டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய நடந்து வந்தாள். அக்காவைக் கூப்பிட்டது இவள் குரல் அல்லவா?

பிரசங்கியார் அடுத்த வரியைச் சொன்னார். இவள் வாய் திறக்கவில்லை. மறுபடி சொன்னார். முன்வரிசையிலிருந்து போதகர் பல்லைக் கடித்தார்.

"சொல்லும்மா, சொல்லு."

"மாட்டேன் ஐயா."

மைக்கில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. பிரசங்கியார் முகம் சிவந்து, இவளை நோக்கி விரலை நீட்டி ஏதோ கத்தினார்.

"எனக்குள்ள பிசாசு இருக்காம்," என்றாள் இவள். "அவர் சொன்னத சொல்லிட்டேன். இப்ப நான் சொல்றேன். மருந்தக் கொண்டாந்து போடுங்கன்னு கூப்பிட்டது என் வாய். தப்பு. வேதத்துல அப்படி எங்கயும் இல்ல. அப்போஸ்தலர் கூடவே ஒரு வைத்தியர் நடந்தாரு, அவர யாரும் விரட்டல. கர்த்தர் சுகமாக்குவாருன்னு நானும் நம்புறேன். மாத்திரையப் பிடுங்கிக்கிட்டுதான் சுகமாக்குவேன்னு அவர் சொல்லல, இந்த ஆளு சொல்றாரு. நாளைக்கு இவரு பிளேன் ஏறிடுவாரு. விழுந்தா தூக்குறது நாமதான்."

போதகர் மைக்கை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் என்ன, தொண்டை இருக்கிறதே.

"அக்கா, போடாத!"

அக்கா கூடைக்கு முன்னால் நின்றாள். அவள் கோபமெல்லாம் தங்கை மேல்தான்.

"ஏன்டி என் விசுவாசத்துல மண்ணள்ளிப் போடுற?"

"உன் விசுவாசத்த ஒண்ணும் சொல்லல. அது கர்த்தர் மேலயா, இவர் மேலயா? அத மட்டும் சொல்லு."

அக்கா நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள். பிரசங்கியார் இவர்கள் பக்கமே திரும்பவில்லை. நிரம்பிய கூடைகளைப் படம்பிடிக்கச் சொல்லி கேமராக்காரருக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா டப்பாவைத் திறந்தாள். "நேத்துலேர்ந்தே மாத்திரை போடலடி," என்றாள். ஒரு மாத்திரையை எடுத்து, எல்லார் கண்ணுக்கு முன்னாலும், தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள். பிறகு குனிந்து, ஒரு கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஜனங்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"யாரோடது எது? வந்து எடுத்துக்கோங்க."