உறைந்த குளத்தில் பதினேழு பேர்

கண்காட்சிக்கு வரும் ஒவ்வொரு ஓவியத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, எங்கே விரிசல், எங்கே கறை என்று எழுதிவைப்பது அவள் வேலை. அந்த மாதம் வந்தவை எல்லாம் பனிக்கால ஓவியங்கள். தாளை வெறுமனே விட்டு அதையே பனியாக்கியவர்கள் ஒரு சுவரில். பனியின் நிழலில் நீலத்தையும் ரோஜா நிறத்தையும் கண்டவர்கள் எதிர்ச்சுவரில். நடுவில் முந்நூறு வருஷத்துப் பழைய மரப்பலகைப் படம்: உறைந்த குளத்தின்மேல் சறுக்கி விளையாடும் ஊர்ச்சனம்.

கூடவந்த தாளில் பத்தொன்பது பேர் என்றிருந்தது. அவள் எண்ணினால் பதினெட்டு. யாரோ தப்பாக எண்ணியிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

விளக்கு மாட்டிய மறுநாள் பதினேழு. கரையோரப் பனிக்கட்டியில் மயிரிழையாகக் கோடுகள், நடுவே கறுப்பாக ஒரு துளை, பக்கத்தில் ஒரு தொப்பி. வண்ணம் வெடித்த விரிசல் அல்ல அது. தூரிகை தீட்டிய விரிசல்.

விளக்கு மாட்டியவன் அவள் கொழுந்தன்தான். கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஆளைக் காணோம்னா போலீஸ்கிட்ட போங்க அண்ணி," என்று சிரித்துக்கொண்டே குனிந்தான். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை. விளக்குக்குக் கீழே கையை நீட்டிப் பார்த்தான்.

"சூடு நல்லா இறங்குது, அண்ணி."

"அணைச்சிடு."

படம் இருட்டில் கிடப்பதாகக் கண்காட்சிப் பொறுப்பாளர் குதித்தார். பழைய வண்ணம், வெளிச்சம் தாங்காது என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். கண்காட்சி நடந்த மூன்று மாதமும் அந்த விளக்கு எரியவில்லை. தினமும் காலையில் எண்ணுவாள்; பதினேழு குறையவில்லை. ஆனால் ஒரு நாள் யாரும் சறுக்கவில்லை. எல்லாரும் நின்ற இடத்தில் நின்று, மேலே அணைந்திருந்த விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திருப்பி அனுப்பும் நாளில் படத்தின் பழைய தாள்களைப் புரட்டினாள். முப்பத்தொன்று, அடித்து இருபத்தாறு, அடித்து இருபத்திரண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்து. ஒருவரும் ஏன் என்று ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

பத்தொன்பதை அடித்துப் பதினேழு என்று எழுதினாள். விளக்குப் போடக் கூடாது என்றும் எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு, "பனிக்கட்டி மெல்லிசு" என்று எழுதிக் கையெழுத்திட்டு, பெட்டியை மூடச் சொன்னாள்.